வழங்கிக் கணனியும் வாராத பொதியும்

கணனியில் ஒரு மென்பொருளை நிறுவுதல் முன்னாளில் ஒரு தட்டுக்குள் அடங்கிய செயலாக இருந்தது. தட்டை வாங்கியவன் அதனைப் பொறியில் இட்டான். வேண்டியவை யாவும் அத்தட்டிலேயே இருந்தன. இந்நாளில் அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. பல கணனிகளுக்கும் அவற்றின் முன் அமர்ந்திருப்போர் பலர்க்கும் ஒருங்கே பணிசெய்யும் கணனியை வழங்கி என்பர். வழங்கிகளிற் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின்மேல் நடப்பன. அவற்றுள் ஒரு மென்பொருளை நிறுவ முற்படுபவன் கையிற் பொருளெதுவும் கொண்டிருப்பதில்லை; ஒரு பெயரை மட்டுமே கொண்டிருக்கின்றான். அப்பெயரை அவன் தட்டெழுதியதும், கணனி தன்னிடமுள்ள முகவரிப் பட்டியலைப் பார்த்து, எங்கோ தொலைவிலிருக்கும் களஞ்சியம் ஒன்றோடு தொடர்புகொண்டு, வேண்டிய பொதிகளைத் தருவித்து, அவிழ்த்து, உரிய இடங்களில் வைக்கின்றது. எனவே நிறுவுதல் என்பது இன்று பாதிக்குமேல் போக்குவரத்தே எனலாம்.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்பவர் தொடக்கிவைத்த டெபியன் என்னும் வெளியீடு, மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி, ஒவ்வொரு பொதியின் மேலும் அதற்கு முன்னதாக வேண்டப்படும் பிற பொதிகளின் பெயர்களை எழுதிவைக்கும் வழக்கத்தை வளர்த்தது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த அதன் 2.1ஆம் பதிப்போடு ஆப்ட் என்னும் கருவி பயனர் கைக்கு வந்தது. றெட்ஹற் மரபைச் சார்ந்த வெளியீடுகளில் யம் என்பதும், பின்னர் டிஎன்எப் என்பதும் அதே தொழிலைச் செய்தன. 2004இல் தோன்றிய உபுண்டு, டெபியனின் வழியையே பின்பற்றியது. தலைமைக் களஞ்சியத்தின் படிகளைப் பல நாடுகளிலுமுள்ள பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தத்தம் கணனிகளில் வைத்து உதவுகின்றன. இவற்றைப் படிக்களஞ்சியங்கள் எனலாம். உபுண்டுவில் நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டை முன்னே கொண்ட களஞ்சியப் பெயர்கள் உண்டு. ஒரு நாட்டிற் படிக்களஞ்சியம் இல்லாதவிடத்து அப்பெயர் தலைமைக் களஞ்சியத்தையே சுட்டிநிற்கும். ஆதலின் பெயரில் இலங்கை என்று இருப்பதனால் மட்டும் பொருள் இலங்கையிலேயே இருக்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது.

இனி, கட்டைபறிச்சான் என்னும் ஊரை நோக்குக. அது திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் அக்கரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் உள்ளது. படத்தில் நகரத்துக்கும் அவ்வூருக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதாகவே தோன்றும். ஆயினும் அக்கரைக்குப் பொருள் வந்துசேர்ந்த வரலாறு அத்துணை எளிதன்று. மூதூர்த் துறைக்கு இயந்திரப் படகிற் கடல்வழியே வரவேண்டும். அன்றேல் கிண்ணியா வழியாகத் தரையைச் சுற்றி, மக்கள் ‘பாதை’ என்றே வழங்கிய மிதவைகளில் நீர்த்துறைகளைக் கடந்து வரவேண்டும். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் எஞ்சிய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அதுகாறும் அக்கரைக் கடையொன்றில் ஒரு பொருள் இல்லையெனின் அதற்குக் கடைக்காரரைக் குறைகூறுதல் எப்போதும் நீதியாகாது. நகரத்துப் பண்டசாலை பூட்டியிருக்கலாம். கடல் கொந்தளித்துப் படகு புறப்படாதிருக்கலாம். பாதை பழுதுற்றுக் கரையிலே நின்றிருக்கலாம். அனுப்புச் சீட்டில் ஊரின் பெயர் பிழைபட எழுதப்பட்டிருக்கலாம். வாங்க வந்தவனுக்குத் தெரிவதோ ‘சாமான் வரவில்லை’ என்ற ஒரு சொல்லே. களஞ்சியத்தைத் தொடமுடியாத கணனி தரும் அறிவித்தலும் பெரும்பாலும் அத்தன்மையதே.

இதே குடாவில் 1660ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் பொருத்துவதற்காகவே கொட்டியாரத்தில் வந்து தங்கிற்று. தங்கியவிடத்தில் அதன் தலைவரும், அவர் மைந்தர் றொபேட் நொக்சும், வேறு சிலரும் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். மைந்தர் தப்பிச்செல்வதற்கு 19 ஆண்டுகளுக்கு மேலாயின, தந்தையார் தப்பவேயில்லை. ஓர் உறுப்புக் கைவசமில்லாமையால் முழுக் கலமும் நின்றுவிடுதல் பழைய இடரே.

வழங்கியிலும் அவ்வாறே நிகழும். பாடசாலையொன்று மூடில் என்னும் கற்றல் மென்பொருளைத் தன் வழங்கியில் நிறுவ விரும்புகின்றது என்று கொள்வோர், அதற்கு அப்பாச்சி என்னும் வலைவழங்கி, மரியாடிபி போன்றதொரு தரவுத்தளம், பிஎச்பி என்னும் மொழி, அம்மொழியின் துணைப்பகுதிகள் பல ஆகிய யாவும் முன்னதாக இருத்தல் வேண்டும் என்பதை அறிவர். தட்டெழுதியது ஒரு பெயர்; வரவேண்டிய பொதிகளோ பல. அவற்றுள் ஒன்று வாராதொழியினும் கணனி முழுச்செயலையும் நிறுத்திவிடும். இந்நிறுத்தம் ஒரு பெருநகர் அலுவலகத்தில் அரைமணி நேரத் தொல்லையாகக் கழியலாம். ஒரு கிராமப் பாடசாலையில் அஃது அவ்வளவில் நிற்பதில்லை. அங்கே இணையத்துக்கு வாங்கிய அளவு சிறிது. அதனை ஒருமுறை வீணாக்கினால் அடுத்த மாதம்வரை காத்திருக்க நேரும். முயன்ற ஆசிரியருக்குத் துறைசார் துணைவர் அருகில் இரார். இரண்டு முறை தோற்றபின் கணனி ஒரு மூலையில் துணிபோர்த்தி வைக்கப்படும். ‘இஃது எமது ஊருக்கு ஒத்துவராது’ என்ற சொல்லும் பிறக்கும். 2006ஆம் ஆண்டின் போரில் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தோர் பலர். தாளில் மட்டும் இருந்த பதிவின் நிலையாமையைக் கண்ட பிரதேசத்திலே, மாணவர் பதிவையும் புள்ளியையும் வேறோரிடத்திலும் படியெடுத்துவைக்கக்கூடிய ஒரு கருவி, வாராத ஒரு பொதியின் பொருட்டுக் கைவிடப்படுதல் சிறு நட்டமன்று.

நிற்க. இவ்விடயத்தில் முதற்கண் தெளியவேண்டியது யாதெனின், கணனியின் அறிவித்தல் தான் தடைப்பட்ட இடத்தைச் சொல்லுகின்றதேயன்றித் தடையின் காரணத்தைச் சொல்லுகின்றதன்று என்பதே. நோயாளி தலைவலி என்றால் வைத்தியர் தலையை மட்டும் நோக்குவதில்லை. ஆயினும் கணனி விடயத்திற் பலர் தலையை மட்டுமே நோக்குகின்றனர். அதனினும் கேடாக, மென்பொருளை அழித்து மீண்டும் மீண்டும் நிறுவ முயல்கின்றனர். வழி மூடிக்கிடக்கையிற் கடையை இடித்துக் கட்டுதல் போன்றதே இச்செயல்.

வழியை ஆராய்வோர் அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுதல் நன்று. கணனியிலிருந்து றவுற்றர் எனப்படும் வழிப்படுத்திவரை தொடர்பு உளதா என்பதைப் பிங் என்னும் சிறு கட்டளை காட்டும். அதன்பின் வெளியிலுள்ள ஓர் எண்முகவரியை, எடுத்துக்காட்டாக 8.8.8.8 என்பதனை, அவ்வாறே வினாவுதல் வேண்டும். விடை வருமாயின் வழி பெரும்பாலும் திறந்துளது. வாராதாயின் களஞ்சியத்தைப்பற்றியோ மென்பொருளைப்பற்றியோ எண்ணவேண்டிய தேவை அப்போதைக்கு இல்லை. சில வலையமைப்புக்கள் இவ்வினாவையே தடுப்பன என்பதனால் இச்சோதனை முற்றமுடிந்த சான்றன்று; எனினும் தொடக்கத்துக்குப் போதியது.

வழி நெடுகவும் ஊருக்குள்ளேயே அறுவதில்லை. 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, இலங்கையின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரிதும் தடைப்பட்டன. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில் வடங்கள் அறுந்தபோது இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் இணையத்தின் வேகம் குன்றிற்று. அந்நாட்களில் ஐரோப்பியக் களஞ்சியமொன்றை நாடிய வழங்கி பாதியில் நின்றிருக்குமாயின், அதன் காரணம் அது நின்ற மேசையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், கடலின் அடியில் இருந்தது. இவ்வகைத் தடைக்கு உரிய மருந்து காத்திருத்தல், அல்லது அண்மையிலுள்ள வேறொரு படிக்களஞ்சியத்தின் முகவரியை எழுதுதல்.

வழி திறந்திருந்தும் பொருள் வாராத விசித்திர நிலைகளும் உள. கைப்பேசி நிறுவனத்தின் சிறு இணையக்கருவியைப் பயன்படுத்தும் பாடசாலையில், வாங்கிய அளவு முடிந்ததும், எந்த முகவரியை நாடினாலும் ‘பணம் செலுத்துக’ என்னும் நிறுவனப் பக்கமே விடையாக வருதல் உண்டு. மனிதன் அதனைப் படித்து விளங்கிக்கொள்வான். ஆப்ட் கருவியோ பொதிப்பட்டியலை எதிர்பார்த்திருக்க, அதற்குப் பதிலாக ஒரு விளம்பரப் பக்கம் வரக்கண்டு மருண்டு, கைச்சாத்திட்ட கோப்பு முறையாக இல்லை என்று அறிவிக்கும். அவ்வறிவித்தலின் ஈற்றில், ‘இவ்வலையமைப்பு அடையாள உறுதி கேட்கின்றதா?’ என்ற பொருள்பட ஒரு கேள்வியையும் அது தொடுக்கின்றது. கருவியை ஆக்கியோர் இந்நிலையைத் தாமும் கண்டிருக்கின்றனர் போலும். இன்னொன்று, தொலைபேசிக் கம்பிவழி இணையத்தில் நேர்வது. வழக்கமான தரவுச்சிப்பம் 1500 பைற்று அளவினது. கம்பிவழி இணைப்பின் மேலுறை 8 பைற்றை எடுத்துக்கொள்ள, 1492 பைற்றே எஞ்சும். இவ்வேறுபாட்டை வழியிலுள்ள கருவிகள் ஒன்றுக்கொன்று அறிவியாவிடின், சிறு சிப்பங்கள் செல்லும், பெரியன மறையும். பிங் வினாவுக்கு விடை உடனே வரும். பொதியோ தொடக்கத்திலேயே அசையாது நிற்கும். இதனைக் கண்டுபிடிக்க நாட்கணக்கில் உழல்வோர் உளர். கணனியின் சிப்ப அளவைக் குறைத்து எழுதியதும் பொதி வந்துசேரும்.

அடுத்து ஆராயத்தக்கது பெயர். மனிதர் பெயரால் அறிவர். வலையமைப்பு எண்ணால் அறியும். ஒரு பெயருக்குரிய எண்ணை எடுத்துரைக்கும் கணனி பெயர்வழங்கி எனப்படும். எண்முகவரி விடைதந்து, பெயர்முகவரி விடைதாராதாயின் குற்றம் பெயர்வழங்கியில் உளது என்பது பொது விதி. பெயர்வழங்கியின் முகவரியை மாற்றி எழுதினால் இத்தடை நீங்கும். ஆனால் இப்பொது விதிக்கு ஒரு பெரும் புறனடை உண்டு. அண்மைக்காலத்தில் உலகெங்கும் பல்லாயிரவரை இடர்ப்படுத்தியதும் அதுவே.

சென்ட்ஓஎஸ் என்பது றெட்ஹற் நிறுவனத்தின் வெளியீட்டை ஒத்ததாக, விலையின்றி, 2004ஆம் ஆண்டுமுதல் வழங்கப்பட்டு வந்த இயங்குதளம். வழங்கிகளுக்கு உகந்ததென அது பெரும்பெயர் பெற்றது. அதன் 8ஆம் பதிப்பு 2029வரை பேணப்படும் என எதிர்பார்க்கப்பட்டிருக்க, 2020 டிசெம்பரில் வெளியான அறிவித்தல் அக்காலத்தை 2021ஆம் ஆண்டின் இறுதியாகச் சுருக்கிற்று. 2014இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு தன் முழு ஆயுளையும் வாழ்ந்து 2024 யூன் 30இல் முடிவெய்தியது. அதன்பின் நிகழ்ந்ததுதான் கவனிக்கற்பாலது. 7ஆம் பதிப்பின் கணனிகள் பொதி வேண்டும்போதெல்லாம், எந்தப் படிக்களஞ்சியத்துக்குச் செல்வது என்பதைச் சொல்லும் பட்டியல்வழங்கி ஒன்றை முதலில் வினாவும். அப்பட்டியல்வழங்கி நிறுத்தப்பட்டது, அதன் பெயரும் வலையமைப்பிலிருந்து நீங்கிற்று. எனவே யம் கருவி, ‘இப்பெயருக்குரிய முகவரியைக் காணமுடியவில்லை’ என்று அறிவித்தது.

இவ்வறிவித்தலைக் கண்டவர் யாது செய்வர்? பொது விதிப்படி பெயர்வழங்கியை மாற்றுவர். வடத்தைக் கழற்றி மாட்டுவர். வழிப்படுத்தியை அணைத்து ஏற்றுவர். இணைய நிறுவனத்தாரோடு பிணங்குவர். இவற்றுள் ஒன்றும் பயன்தாராது. ஏனெனின், பெயர்வழங்கி உண்மையையே சொல்லிற்று: அப்பெயருடையார் இப்போது இல்லை. ஊரைவிட்டுப் போனவரின் வீட்டுக்கு எழுதிய கடிதம் திரும்பிவந்தால் தபாற்காரரை நோவதில் நியாயமில்லை. இவ்விரு நிலைகளையும் பிரித்தறியும் வழி எளிது. வேறு ஏதேனும் ஒரு பெயரை, நாளிதழொன்றின் முகவரியையேனும், வினாவிப்பார்த்தல் வேண்டும். பிற பெயர்கள் யாவும் விடைதந்து களஞ்சியத்தின் பெயர் ஒன்றே தாராதிருப்பின், குறை வழியிலன்று, களஞ்சியத்தின் ஆயுளிலே.

மறைந்த பதிப்பின் பொதிகள் அழிந்துபோவதில்லை. சென்ட்ஓஎஸ் தன் பழம்பொருள்களை நிலவறை என்னும் பொருள்தரும் வேறொரு முகவரியில் வைத்திருக்கின்றது. டெபியனுக்கு ஆவணக்காப்பகம் ஒன்று உண்டு. உபுண்டுவில் 9 மாதமே பேணப்படும் இடைக்காலப் பதிப்புக்கள், காலம் முடிந்தபின், பழைய வெளியீடுகளுக்குரிய களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. 5 ஆண்டு பேணப்படும் நெடுங்காலப் பதிப்புக்களையே வழங்கிக்குத் தெரிதல் வேண்டும் என்பதற்கு இஃதொரு காரணம். முகவரிப் பட்டியலில் பழைய முகவரியை நீக்கிப் புதியதை எழுதினால் பொதி மீண்டும் வரும். வந்தாலும், அப்பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவையும் வாரா என்பதை மறத்தல் ஆகாது. நிலவறையிலிருந்து எடுப்பது இருப்பதைக் காத்துக்கொண்டு குடிபெயர்வதற்கு உதவுமேயன்றி, அங்கேயே குடியிருப்பதற்கு உதவாது. அல்மாலினக்ஸ், றொக்கிலினக்ஸ் என்பன 2021ஆம் ஆண்டிலிருந்து அவ்வாறு குடிபெயர்வோர்க்கு இடமளித்து வருகின்றன.

களஞ்சியத்தை அடைந்தும் பொருள் கிடையாமையை 404 என்னும் எண் குறிக்கும். முகவரி மெய்; வாயிலும் திறந்தது; கேட்ட பொருள் அவ்விடத்தில் இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கேட்பவனிடமே உள்ளது. அவன் கையிலுள்ள பட்டியல் பழையது. களஞ்சியத்தில் அப்பொதியின் புதிய திருத்தம் வந்து பழையது நீக்கப்பட்டிருக்கும். முதலிற் பட்டியலைப் புதுக்கிப் பின்னர் நிறுவுதலே முறை. இவ்வொரு பழக்கம் இல்லாமையால் விளையும் தொல்லை மிகப் பெரிது.

வலையமைப்பில் ஒரு கணனியின் பல்வேறு வாயில்களைத் துறை என்று வழங்குதல் தமிழிற் பொருத்தமாகவே அமைந்துள்ளது; துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்கு அதனை விளக்கவேண்டியதில்லை. களஞ்சியங்கள் பெரும்பாலும் 80ஆம், 443ஆம் துறைகளில் விடைதருவன. இடையிலுள்ள தீச்சுவர் இத்துறைகளை மறித்தால் பொருள் வாராது. ‘காலம் கடந்தது’ என்னும் அறிவித்தலும் ‘மறுக்கப்பட்டது’ என்னும் அறிவித்தலும் ஒன்றல்ல. முன்னையதில் எவரும் விடைகூறவில்லை; பெரும்பாலும் இடையிலொருவர் மௌனமாக விழுங்கிவிட்டார். பின்னையதில் ஒரு கணனி விடைகூறி, அத்துறையில் எவருமில்லை என்று திருப்பியனுப்பிற்று. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வெளியுலகத் தொடர்பு யாவும் இடைவழங்கி ஒன்றினூடாகவே செல்லவேண்டும் என்ற ஒழுங்கு இருத்தல் உண்டு. இங்கே ஒரு மயக்கம் எழும். உலாவியில் எல்லாப் பக்கங்களும் திறக்கின்றன. ஆப்ட் கருவி மட்டும் வெளியே செல்லமாட்டாது நிற்கின்றது. உலாவிக்கு இடைவழங்கியின் முகவரி தெரியும். ஆப்ட்டுக்கு அதனை எவரும் சொல்லவில்லை. பயனர் தம் பெயரில் அம்முகவரியை எழுதிவைத்திருந்தாலும், நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையை ஏவும்போது அக்குறிப்பு வழக்கமாகக் கைவிடப்படும். ஆப்ட்டின் சொந்தக் கோப்பிலேயே இடைவழங்கியைக் குறித்துவைத்தல் இதற்குத் தீர்வு.

காலத்தைப்பற்றி இனிக் கூறவேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில், மார்ச்சு மாத இறுதியில், இலங்கையில் மின்சாரம் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாதபோது கணனியின் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் போன்றதொரு சிறு மின்கலம். அதன் பெயர் சிஆர் 2032. அஃது ஓய்ந்துபோன பழைய கணனியில், மின்சாரம் மீண்டதும் கடிகாரம் எங்கோ ஒரு பழைய ஆண்டிலிருந்து ஓடத்தொடங்கும். அவ்வாறான கணனி களஞ்சியத்தை நாடினால், களஞ்சியத்தின் பட்டியல் இன்னும் பிறவாத காலத்தது என்று கருதி அதனை ஏற்க மறுக்கும். பட்டியல் இன்னமும் செல்லுபடியாகவில்லை என்ற அந்த அறிவித்தலைக் காண்பவர் களஞ்சியத்தைச் சந்தேகிப்பர். பிழையோ மேசைமேலுள்ள கடிகாரத்தில். நாளையும் நேரத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும். இச்சிறு சோதனையை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தல் தகும். அதற்குச் செலவாவது ஒரு நொடியே.

காலம் மறுபுறத்திலும் பிழைக்கலாம். பாதுகாப்பான தொடர்புக்குரிய சான்றிதழ்களை விலையின்றி வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் நிறுவனம் முதலிற் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியாயிற்று. புதிய கணனிகள் அதனை உணரவேயில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய நிரல்களைக் கொண்ட வழங்கிகளோ, முதல்நாள்வரை நம்பிய களஞ்சியங்களை அன்று நம்ப மறுத்தன. அதற்கு மருந்து, மூலச் சான்றிதழ்த் தொகுதியைப் புதுக்குதல்.

எல்லாவற்றினும் கவனத்தோடு நோக்கவேண்டியது முத்திரை. ஆப்ட் கருவி பல களஞ்சியங்களோடு மறைப்பற்ற 80ஆம் துறையிலேயே பேசுகின்றதே, இடையிலொருவன் பொதியை மாற்றிவைக்கமாட்டானா என்ற ஐயம் எழுதல் இயல்பு. மாற்றிவைக்கலாம், ஆனால் அகப்பட்டுக்கொள்வான். களஞ்சியத்தார் பட்டியல்களின் கணிப்பெண்களைத் தொகுத்து அத்தொகுப்பின்மேற் கைச்சாத்திடுகின்றனர். பட்டியலில் ஒவ்வொரு பொதியின் கணிப்பெண்ணும் உண்டு. பொதியில் ஓரெழுத்து மாறினும் அதன் கணிப்பெண் வேறாகிவிடும். கைச்சாத்தைச் சரிபார்க்கும் திறவுகோல் கணனியில் முன்னரே வைக்கப்பட்டிருக்கின்றது. வழியெல்லாம் கள்வர் நிற்பினும், மெழுகுமுத்திரை உடையாத பொதி மெய்ப்பொதியே.

கணிப்பெண் ஒவ்வாமை என்ற அறிவித்தல் வருமாயின் அதனால் உடனே அஞ்சவேண்டியதில்லை. படிக்களஞ்சியம் தலைமைக் களஞ்சியத்திலிருந்து படியெடுத்துக்கொண்டிருக்கும் வேளையில், பட்டியல் புதியதாகவும் பொதி பழையதாகவும் இருத்தல் கூடும். இணைய நிறுவனத்தின் இடைவழங்கி பழைய படியொன்றைத் தந்திருத்தலும் கூடும். சேமித்த பட்டியல்களை நீக்கிச் சில மணி நேரங் கழித்து மீண்டும் முயன்றால், அல்லது வேறு படிக்களஞ்சியத்தை நாடினால், இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். திறவுகோல் இல்லை என்று கணனி கூறினால், அத்திறவுகோலை அதனை வெளியிட்டவரின் சொந்த இடத்திலிருந்து பெற்று வைத்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் அவசரம் புகுகின்றது. முத்திரையைப் பாராதே, எதுவாயினும் ஏற்றுக்கொள் என்று கணனிக்குக் கட்டளையிடும் வழியொன்று உண்டு. ஒருவரி எழுதினால் போதும், அறிவித்தல் மறையும், பொதி வந்துவிடும். விரைவுத் தீர்வு கூறுவோர் பலர் இவ்வரியையே கூறுகின்றனர். இது சிறிதும் ஏற்கத்தக்கதன்று. நோக்கம் பொதி வருதல் மட்டுமன்று; வந்தது உரிய பொதியாதலே நோக்கம். மாணவரின் புள்ளியையும் பெற்றோரின் முகவரியையும் கிராம மருந்தகத்தின் நோயாளர் பதிவையும் தாங்கப்போகும் வழங்கியில், யார் கட்டியதென்று அறியாத பொதியை நிர்வாகி அதிகாரத்தோடு அவிழ்த்துவைத்தல், வீட்டுத் திறப்பைத் தெருவில் நின்றவனிடம் கொடுப்பதாகும். அவ்வரி பின்னர் நீக்கப்படாமல் கோப்பிலேயே தங்கிவிடுதல் இதனினும் கொடிது. ஒருநாளைக்கென்று திறந்த கதவு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

முத்திரையும் எல்லாவற்றுக்கும் காப்பு என்று கூறுதற்கில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கற் கருவியின் மூலத்திலேயே ஒருவர் நெடுநாள் நம்பிக்கையை ஈட்டிக் கரவாய்ப் பின்கதவொன்று வைத்திருந்தமை, அன்றஸ் புறொயின்ட் என்னும் பொறியியலாளரின் கூர்ந்த நோக்கால் வெளிப்பட்டது. முத்திரை அனுப்பியவர் யார் என்பதைக் காட்டும். அனுப்பியவரின் உள்ளத்தைக் காட்டாது. ஆயினும் முத்திரை உளதாயின் பழுதுற்ற பொதியை நாடிப்பிடித்து விலக்க இயலும். இலதாயின் அதுவும் இல்லை.

பாதியில் மின்சாரம் நின்றமையால் அவிழ்த்தும் அவிழாமலும் கிடக்கும் பொதிகளைப்பற்றிச் சுருங்கக் கூறலாம். டிபிகேஜி என்னும் அடிக்கருவிக்கு, எஞ்சிய அமைப்பை முடிக்குமாறு கட்டளையிட்டு, அதன்பின் குறைபட்ட சார்புகளை ஆப்ட்டைக் கொண்டு நிரப்புதல் வேண்டும். பூட்டுக்கோப்பைக் கையால் அழித்தல் நல்ல வழக்கமன்று. பெரும்பாலும் வேறொரு நிறுவுதல் பின்னணியில் நடந்துகொண்டிருப்பதனாலேயே பூட்டு இருக்கும்.

இத்தனையும் தனியொரு கணனிக்குரிய வைத்தியம். ஊர்க்கோடிக்கு அதனினும் பயன்தருவது, களஞ்சியத்தின் ஒரு பகுதியை அண்மையிற் கொணர்ந்துவைத்தல். முழுக் களஞ்சியமும் மிகப் பெரிய அளவினது. ஒரு பாடசாலைக்கு அவ்வளவும் வேண்டா. ஆப்ட் காச்சர் என்ஜி என்னும் மென்பொருள், முதற் கணனி தருவித்த பொதியைத் தன்னிடம் வைத்திருந்து, இரண்டாம் கணனி முதலாக யாவற்றுக்கும் அதனையே கொடுக்கும். 20 கணனிகளுள்ள ஆய்வுகூடத்தில் ஒரே பொதியை 20 முறை பணங்கொடுத்துத் தருவிக்கும் வீண்செலவு இதனால் ஒழியும். இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சற் சேவையாகத் தொடங்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் திருக்கோணமலையில் வளாகமும் உண்டு. அத்தகைய உயர்கல்விக்கூடம் ஒன்று மாவட்டப் பாடசாலைகளுக்கெனச் சிறு படிக்களஞ்சியத்தைப் பேணுமாயின், குடாவின் அக்கரைப் பாடசாலைகள் கடல்கடந்த வடங்களை ஒவ்வொரு முறையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

அதுவும் கைகூடாதவிடத்து வேறொரு வழி உண்டு. இந்தியரான டெபியன் வல்லுநர் றித்தேஷ் ராஜ் சராப் ஆக்கிய ஆப்ட் ஓப்லைன் என்னும் கருவி, இணையமே இல்லாத கணனிகளுக்கென அமைந்தது. இணையமற்ற வழங்கியில் அதனை இயக்கினால், வேண்டிய பொதிகளின் பெயர்களையும் முகவரிகளையும் ஒரு சிறு கோப்பில் எழுதித்தரும். அக்கோப்பைப் பேனாச்செலுத்தி ஒன்றில் எடுத்துக்கொண்டு, நல்ல இணையமுள்ள ஓரிடத்துக்கு, மூதூருக்கோ நகரத்துக்கோ, சென்று அங்குள்ள கணனியில் அதே கருவியைக்கொண்டு பொதிகளை இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். கட்டைக் கொணர்ந்து வழங்கியிற் செருகியதும், வழங்கி அதனைத் தன் கைச்சாத்துக்களோடு ஒப்பிட்டு நிறுவும். பொதி படகில் வந்ததா, பாலத்தின் வழியே பேருந்தில் வந்ததா என்பதை அது வினாவுவதில்லை. முத்திரையை மட்டுமே பார்க்கின்றது.